அம்மாவுக்குச் சொல்லாதை

மகள் பாடியதைக் கேட்கத்தான் உதயகலா போனைக் காதில் வைத்தாள்.

சனிக்கிழமைகளில் மகள் தாரிகாவைத் தேவகுமாரி ரீச்சர் வீட்டில் பியானோ வகுப்புக்கு விட்டுவிட்டு, அது முடியுமட்டும் கொக்குவில் சந்தியில் சாமான் வாங்குவாள். பிள்ளைகள் பாடப் பாட ரீச்சர் அதைப் பதிவுசெய்து தாய்மாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். வீட்டில் பழக்குவதற்கு.

"டோ... ரே... மீ... ஃபா... சோ..."

ஆறு வயதுக் குரல் ஒவ்வொரு படியாக ஏறி, இறங்கி, நின்றது. பதிவு நிற்கவில்லை. ரீச்சர் நிறுத்த மறந்திருக்க வேண்டும்.

அடுத்து ஒரு ஆணின் குரல் கேட்டது. தடித்து, இழுபட்ட குரல். சொல் இல்லை. வெறும் முனகல்.

பிறகு ரீச்சர்: "பயப்பிடாதை பிள்ளை, கிட்டப் போய் இரு. கையைப் பிடிச்சால் பிடிக்கட்டும். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, என்ன?"

 வாங்கிய சாமானைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ரயில் கடவை பூட்டியிருந்தது. ரீச்சருக்குப் போன் எடுத்தாள். பதில் இல்லை. காங்கேசன்துறையில் வேலையில் நின்ற கணவன் நதானியேலுக்கு எடுத்தாள்.

"பதறாதை," என்றான் அவன். "எனக்கே சின்னனிலை படிப்பிச்சவ. எங்கடை சேர்ச்சிலை ஓகன் வாசிக்கிறவ. அப்பிடி ஒண்டும் இராது."

"ஆரா இருந்தாலும் எனக்கென்ன? என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை ஆரோ ஒரு ஆம்பிளை இருக்கிறான். அதை எனக்குச் சொல்லக்கூடாதாம்."

"நான் உடனை வெளிக்கிடுறன்," என்றான் நதானியேல். அவன் குரலும் மாறியிருந்தது.

ரயில் போய் முடிய ஒரு யுகம் எடுத்தது.

ரீச்சர் வீட்டுக் கேற்றில் உள்பக்கம் கொளுவி போட்டிருந்தது. கையை விட்டுக் கழற்றிக்கொண்டு ஓடினாள். யன்னலால் பார்த்தபோது பியானோவுக்கு முன்னால் தாரிகா. அவளோடு ஒட்டினாற்போல் ஒரு கதிரையில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். அவருடைய கை தாரிகாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

உதயகலா உள்ளே பாய்ந்து மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆர் இந்த ஆள்? என்ன நடக்குது இஞ்சை?"

அந்த ஆள் மெல்லத் திரும்பினார். முகத்தில் ஒரு பாதிதான் அசைந்தது. மற்றப் பாதி தொங்கிக் கிடந்தது. வலக்கை மடியில் செத்த கைபோல.

அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அப்பா.

உரும்பிராயில் தோட்டம் செய்த தம்பிஐயா. சைவத்தை விட்டு வேதக்காரப் பொடியனைக் கட்டினாய், என்ரை செத்த வீட்டுக்கும் வராதை என்று கேற்றைச் சாத்தியவர். போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்ததென்று அண்ணன் சிவகரன் அறிவித்தும் அவள் போகவில்லை.

ரீச்சர், தாரிகாவைக் குசினிக்கு அனுப்பி பிஸ்கற் எடுக்கச் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார்.

"கொப்பருக்குக் கதை வராது பிள்ளை, பேச்சு நிண்டுபோச்சு. கதை வராத ஆக்களுக்கும் சில நேரம் பாட்டு வருமெண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவையாம். உன்ரை அண்ணன்தான் கொண்டுவந்து விடுறவன். நான் பாடிக் காட்டேக்கை வாயே திறக்கேல்லை. தாரிகா பாடேக்கைதான் திறந்தவர். அவள் கட்டையை அமத்துறதைக் கையாலை பிடிச்சுப் பார்த்துத்தான் பாடுவார்."

"எனக்கு ஏன் மறைச்சனீங்கள்?"

"சொல்லுவமெண்டுதான் கேட்டன். வேண்டாமெண்டு கையாலை காட்டினார். என்ன இருந்தாலும் பெத்த தாய்க்கு மறைச்சது என்ரை பிழைதான்."

"இவளுக்குத் தெரியுமோ இவர் ஆரெண்டு?"



"தெரியாது. முதல் நாள் அவளிட்டைக் கேட்டன், உமக்கு அம்மப்பா இருக்கிறாரோ எண்டு. அவர் எப்பவோ செத்துப்போனார், அம்மா சொன்னவ எண்டாள்."

உதயகலா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது... அவருக்குக் கேட்டதோ..."

"அவர் பக்கத்திலைதான் இருந்தவர் பிள்ளை."

தகப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் நிலத்தைப் பார்த்தாள்.  

பிஸ்கற்றைக் கடித்தபடி தாரிகா வந்து கதிரையில் ஏறி இருந்தாள்.

"அம்மா, இந்தத் தாத்தாவுக்கு ஒரேயொரு வசனம்தான் பாடத் தெரியும். அதையும் ரீச்சர் சொல்லிக் குடுக்கேல்லை. தாத்தா தானாத்தான் பாடினவர். ஆருக்குப் பாடுறாரெண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

சின்ன விரல் கட்டைகளில் இறங்கியது. சோ. மீ. டோ.

அவர் பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்தது. கோணிய வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"வீட்டை... வா... பிள்ளை..."