ரெஜிஷாவின் பந்தய வண்டி

மனைவி ரெஜிஷா காய்ச்சலில் இறந்தபின், அவள் ஓட்டிய கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியைத் தக்கலை வீட்டு ஷெட்டில் வைத்துப் பார்க்கச் சகிக்காமல், ஷைஜு அதை அனில்குமாருக்கு விற்றுவிட்டான். ஏற்றிப்போக டெம்போ வந்துவிட்டது. யார் ஓட்டினாலும் பிரேக் பிடிக்க வேண்டுமே என்று, பிரேக் கட்டைகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்டுகளையும் மாற்றி மாற்றி, இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பானர் ‘டிக்’கென்று சொல்லும்வரை முறுக்கினான்.

“ஒம்ம முறுக்கு முடியதுக்குள்ள குருசடித் திருநாளே வந்திரும்” என்று முன்பெல்லாம் ரெஜிஷா சீட்டில் இருந்தபடி கேலி செய்வாள். அவன் ‘சவுட்டு’ என்றதும் பிரேக் பெடலை மிதிப்பாள். ‘விடு’ என்று அவன் சொன்னால்தான் காலை எடுப்பாள்.

பழக்கத்தில், “சவுட்டு மக்கா” என்றான்.

ஆளில்லாத சீட்டின் முன்னால் பெடல் மெல்லத் தாழ்ந்தது. பிரேக் கட்டைகள் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டன.

அனில்குமார் தள்ளிப் பார்த்தான். வண்டி அசையவில்லை.

“அண்ணே, ஒம்ம வண்டி புதுப்பொண்ணு மாதிரி அடம் பிடிக்கு. பிரேக்க கொஞ்சம் விடும்.”

ஒரு சொல் போதும். ஷைஜு வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பின்சக்கரங்கள் இரண்டும் உருளாமலேயே, சிமென்ட் தரையில் கறுப்பாகக் கோடு கிழித்துக்கொண்டு வாசலைத் தாண்டின.