உள்ளே விட்ட துணி

டேப் முப்பத்தாறில் வந்து நின்றது.

"முப்பத்தேழரை," என்றாள் அமலி.

எதிரே கையைத் தூக்கிக்கொண்டு நின்ற தவமணி அதை அப்படியே நம்பினாள். "தீபாவளிக்கு நாப்பத்திரண்டுல்ல?" என்று சிரித்தாள். சிரித்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அந்த எலும்பைப் பார்த்ததும் அமலிக்கு வயிறு எரிந்தது.

நோட்டில் மட்டும் முப்பத்தாறு என்றே எழுதிக்கொண்டாள். ஆளிடம் பொய் சொல்லலாம், துணியிடம் சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாகத் தைக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு பெஞ்சில்தான் இருவருக்கும் பழக்கம். தங்கச்சிக்குத் துணையாக வந்ததாக அமலி சொன்னாள். நாத்தனாருக்குத் துணையாக வந்ததாகத் தவமணி சொன்னாள்.

முதலில் அமலியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்து தவமணியின் பெயரை.

மாத்திரை வேலை செய்தது. இருவரும் எழுந்து நடமாடினார்கள். சமைத்தார்கள். தூங்கினார்கள்.

கூடவே ஊதினார்கள்.

அமலி பதினாலு கிலோ. தவமணி பதினாறு. அந்த இரண்டு கிலோ வித்தியாசம் அமலிக்கு அப்போது எவ்வளவு ஆறுதல்!

ரவிக்கையின் பக்கவாட்டில், உள்ளே கொஞ்சம் துணியை மடித்து விட்டுத்தான் அமலி தைப்பாள். உடம்பு வைத்தால் ஒரு வரித் தையலைப் பிரித்து விடலாம். இன்னும் வைத்தால் இன்னொரு வரி. இருவர் ரவிக்கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, ஒரே மத்தியானத்தில், சிரித்துச் சிரித்துப் பிரித்தார்கள்.

இப்போது தவமணிக்கு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். காலையில் நடக்கிறாள். ராத்திரிக்கு இரண்டு இட்லி. பன்னிரண்டு கிலோ போன இடம் தெரியவில்லை.

அமலியிடம் அதே டாக்டர், "உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார்.

கூடவே குண்டானவள் தனியாக இளைத்தால் அது துரோகம் இல்லையா?

தவமணி வருகிற நாளில் மட்டும் அமலி வீட்டில் பஜ்ஜி. டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதல். இன்றும் போட்டாள். தவமணி ஒன்றைப் பிட்டுப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மீதி எல்லாவற்றையும் அமலியே தின்றாள். அதற்கும் தவமணி மேல்தான் கோபம் வந்தது.

நாலு நாளாக அமலி மாத்திரை போடவில்லை.

வீட்டுக்காரர் அட்டையைப் பார்ப்பார். அதனால் தினமும் ஒன்றைப் பிதுக்கி, மெஷின் மேலிருக்கும் பட்டன் டப்பாவில் போட்டாள். வெள்ளைப் பட்டன்களுக்கு நடுவே யார் தேடப் போகிறார்கள்?

இன்று காலை ஊசியில் நூல் கோக்கும்போது அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. அந்தப் பழைய அழுகைதான். அடையாளம் தெரிந்தது.

இளைக்கத்தானே, என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

தவமணி ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போட வேண்டிய, தீபாவளிக்குத் தைத்த பச்சைப் பட்டு ரவிக்கை. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்ததும் உள்ளே துணி தடிப்பாக நின்றது. இவ்வளவு பிடித்தால், மிச்சத்தை வெட்டிவிடுவதுதான் வழக்கம்.

அமலி கத்தரியை எடுத்தாள்.

வைத்துவிட்டாள்.

எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம். மறுபடி ஊதாமலா போவாள்? அப்போது பிரித்து விடச் சொல்லி இங்கேதானே வரவேண்டும்.

கெட்ட எண்ணம்தான். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தேதான் அந்தத் துணியை மடித்து ஓட்டினாள்.

ரவிக்கை தவமணிக்குச் சிக்கென்று உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். அமலி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழற்றியதும் தவமணி ரவிக்கையை உள்பக்கம் திருப்பினாள்.

உறுத்துகிறது என்று சொல்லப் போகிறாள். பதில்கூட அமலியிடம் தயாராக இருந்தது.

தவமணி அந்த மடிப்பை விரலால் நீவினாள்.

"நல்லவேளை, வெட்டாம விட்ட. இதச் சொல்லணும்னுதான் வந்தேன், மறந்தே போச்சு. மறுபடி எனக்கு அப்படி வந்துச்சுன்னா நான் மாத்திரை போடத்தானே செய்வேன்? அப்ப இதப் பிரிச்சு விட்டுரு."

பையில் ரவிக்கையை வைத்துக்கொண்டே, "வேற டெய்லருக்கு இதெல்லாம் தோணாதுடி" என்றாள்.

அமலியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நூல் துண்டுகளைப் பொறுக்கினாள்.

தவமணி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

"முப்பத்தாறு," என்றாள் அமலி.

"என்னது?"

"உன் அளவு. முப்பத்தேழரை இல்ல. முப்பத்தாறு."

தவமணியின் முகம் முழுக்கச் சிரிப்பு. கேட்டைச் சாத்தக்கூட மறந்து போனாள்.

அப்போதும் அமலிக்கு வயிறு எரியத்தான் செய்தது.

உள்ளே போய்த் தன் நீல ரவிக்கையை எடுத்து வந்தாள். இரண்டு மாதமாக அக்குளை அறுக்கிறது. ஒரு வரி மட்டும் இன்னும் பிரிக்காமல் கிடந்தது, ரோஷத்தில்.

பிளேடால் முதல் கண்ணியை அறுத்து நூலை உருவினாள். அரை இஞ்ச் துணி வெளியே வந்தது. வெளுக்காமல் புதிதாக இருந்தது.

தண்ணீர் பாட்டிலை அருகே இழுத்து வைத்தாள்.

பட்டன் டப்பாவைத் திறந்தாள்.