ஏழாம் இயந்திரத்தின் மீட்டர்

கார்க் நகரில் எங்கள் தொழிற்சாலை, மாத்திரை அடிக்கும் ஏழாம் இயந்திரத்தை மார்ச்சில் நிறுத்தியது. லாபமில்லையாம். என் மனைவி டெர்வ்லா உயிரோடு இருந்ததே அந்த மாத்திரையால்தான். காலை எட்டுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. வேறெங்கும் கிடைக்காது.

இயந்திரத்தை நான்தான் மூடிவைத்தேன். அச்சுகளைக் கழற்றி எண்ணெய் பூசினேன். மின்சாரத்தைத் துண்டித்து, உறை போட்டு முத்திரை வைத்தேன். திங்கள்தோறும் உறையிலுள்ள கண்ணாடி வழியே உள்ளே ஈரமில்லை என்று பார்த்துக் கையெழுத்திட்டு, எத்தனை மாத்திரை அடித்தது என்று காட்டும் மீட்டரின் எண்ணையும் எழுதுவேன்.

ஈஸ்டரன்று டெர்வ்லாவின் கடைசி மாத்திரை தீர்ந்தது. ஒரு மாதம் தாங்குவதே கஷ்டம் என்றார் மருத்துவர். அடுத்த வாரம் மீட்டர் பதினான்கு கூடியிருந்தது. அதற்கடுத்த வாரமும் பதினான்கு. முத்திரை பிரியவில்லை, மாத்திரை விழும் தட்டு காலி. ஆகஸ்டில் டெர்வ்லா தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

செப்டம்பரில் மேலாளர் ஃபினியன் வந்தார். "ஏழாம் நம்பரை வித்தாச்சு. வெள்ளிக்கிழமை லாரி வருது."

"வேணாம், ஃபினியன். உள்ள துரு புடிச்சிருக்கு."

"யார்கிட்ட கதை விடுறே? வாராவாரம் ஈரமில்லன்னு நீதானே கையெழுத்துப் போட்டிருக்கே! அதைப் பாத்துட்டுத்தான் வாங்குனாங்க."

"உங்க கால்ல வேணா விழறேன். இது இங்கயே இருக்கட்டும்."

"ஏம்ப்பா, அது என்ன உன் பொண்டாட்டியா?" என்று சிரித்தார்.

வெள்ளி மதியம் லாரி போனது. மாலை ஆறுக்கு டெர்வ்லா தண்ணீர்த் தம்ளரோடு வந்து மேசை முன் உட்கார்ந்தாள். விரித்த உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இன்னும் வரலியே" என்றாள்.