ஒரு ஆளுக்கு அரை டம்ளர்

“ஒரு ஆளுக்கு எவ்வளவுடி அரிசி?” என்று கேட்டார் பெரியம்மா.

“அரை டம்ளர்.”

“தண்ணி?”

“ஒண்ணரை டம்ளர். குக்கர்னா கொஞ்சம் குறைச்சுக்கணும்.”

“அரை டம்ளரா? நம்ம அண்டால போட்டா எங்க போச்சுன்னு டார்ச் அடிச்சுத் தேடணும்!”

வாயாடி சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்துப் பார்த்தார், வரவில்லை.

மாடியில் ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு பல்பு, மூலையில் சமையல் மேடை. சாமான் என்று பார்த்தால் ஒரு பாய், ஒரு புது அடுப்பு, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத இரண்டு பாத்திரங்கள், ஒரு தகரப்பெட்டி. பெட்டியின் மூடியில் மங்கிப்போன ஒரு நம்பர். காப்பகத்துப் பெட்டிகளுக்கெல்லாம் நம்பர் உண்டு.

காப்பகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஒரு தனிக் கஷ்டம். எண்பது பேருக்கு வடித்துக் கொட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஒரே ஒருவருக்கு என்றால் அளவே பிடிபடாது. அதற்காக இப்போது வகுப்பே நடக்கிறது. பதினெட்டு முடிந்தால் வெளியே போயாக வேண்டும் என்றாலும், வெறுங்கையோடு அனுப்புவதில்லை. ஒரு தொழிற்பயிற்சி, இருபத்தொன்று வரை மாதாமாதம் உதவிப் பணம், கூடவே தனியாக வாழ்வது எப்படி என்று ஒரு வகுப்பு.

வாயாடிக்கு நர்சிங் உதவியாளர் பயிற்சி கிடைத்தது. வகுப்பில் டீச்சரையே கேள்வி கேட்டுத் திணறடித்தவள் அவள். பேர் சும்மாவா வந்தது? அந்த நேரத்தில் பெரியம்மா சமையல்கட்டில் யாரையாவது விரட்டிக்கொண்டிருப்பார்.

இன்று கேள்வி கேட்பது பெரியம்மாவின் முறை. வார்டன் வேலை பார்த்த வாய், ஒன்றையும் விடுவதாக இல்லை.

“கேஸ் வாசனை வந்தா?”

“ஸ்விட்சைத் தொடக் கூடாது. ஜன்னலைத் திறந்துட்டு, சிலிண்டரை மூடிட்டு வெளிய வந்துடணும்.”

“ஏடிஎம் நம்பர்?”

“யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும்.”

“பூட்டு?”

“பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாக்கணும்.”

பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பூட்டு என்றதும் கை தானாக இடுப்புக்குப் போய், சாவிக்கொத்தைக் காணாமல் திரும்பி வந்தது.

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். “தண்ணி காலையில மட்டும்தான் வரும், பிடிச்சு வெச்சுக்கணும். ஒருத்தர்தானே தங்கப் போறது?”

“ஆமாங்க, ஒருத்தர்தான்,” என்றாள் வாயாடி.

அவர் போனதும் பெரியம்மா மறுபடி ஆரம்பித்தார்.

“ராத்திரி யாராவது கதவைத் தட்டினா?”

“திறக்காம, யாருன்னு கேக்கணும்.”

“யாருமே தட்டலைன்னா?”

வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை. வாயாடி குனிந்து பாயின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“முதல் ராத்திரி தூக்கம் வராது, பெரியம்மா,” என்றாள் பிறகு. “எண்பது பேர் மூச்சு விடற சத்தத்துல தூங்கிப் பழகினது. இங்க சுவர் மட்டும்தான். அழுகை வந்தா அழுதுடணும். அடக்கி வெச்சா நெஞ்சுலயே உக்காந்துக்கும்.”

“பழகிடும்டி,” என்றார் பெரியம்மா. காப்பகத்தை விட்டுப் போகிற எல்லாப் பெண்களிடமும் அவர் சொல்லும் வார்த்தை. இன்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகிற பெண்களும் கேட்டில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். பெட்டியும் கையுமாக நின்று, அவர் முகத்தையே பார்த்து, ‘ஞாயித்துக்கிழமை வருவீங்களா, பெரியம்மா?’ என்பார்கள்.

‘வராம இருப்பேனா?’ என்பார் பெரியம்மா. மனசாரத்தான் சொல்வார். ஆனால் ஞாயிறு வந்தால் எவளுக்காவது காய்ச்சல் கொதிக்கும். இல்லையென்றால் சமையல்காரம்மா மட்டம் போட்டிருப்பார். புதிதாக வந்த குழந்தை ஒன்று அவர் முந்தானையை விடாமல் அழும். ஒரு ஞாயிறுகூட அவர் போனதில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, பெண்களும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். யாரைக் குறை சொல்வது?

இந்த அறையில் அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை. இருவரும் அதன் பக்கமே போகாமல், அடுப்பையும் பாத்திரத்தையும் பற்றியே சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு, பெரியம்மா.”

“ம்... ஆச்சு.”

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். பெரியம்மா அவள் தலையைத் தடவினார். தடவிய கையை எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டது வாயாடிதான். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டூட்டி. அவள் காப்பகத்தை விட்டு வந்து நாலு வருஷமாகிறது. நிலைக்கு உள்ளே நின்றுவிட்டவர் பெரியம்மா. அந்தத் தகரப்பெட்டியோடு குழந்தையாகக் காப்பகத்துக்கு வந்தவர். பயிற்சியும் உதவிப் பணமும் இல்லாத அந்தக் காலத்தில், பதினெட்டு முடிந்தும் போக்கிடம் இல்லாமல் அடுப்படியிலேயே தங்கி, பிறகு வார்டனாகி, இன்று காலை சாவிக்கொத்தைப் புதியவர் கையில் கொடுத்துவிட்டு, அறுபது வயதில் முதல்முதலாக வெளியே வந்திருக்கிறார்.

வாயாடி பாதிப் படி இறங்கியிருப்பாள்.

“ஏண்டி, ஞாயித்துக்கிழமை வருவியா?”

“வராம இருப்பேனா, பெரியம்மா?” என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.