ஒரு கூண்டு வெள்ளை ஈ

"கையும் களவுமா மாட்டினீங்களா சார்?"

தையற்காரர் போட்ட சத்தத்தில் மூக்குக்கண்ணாடிக்காரரின் கையிலிருந்த செடித்தொட்டி ஆடியது. மஞ்சள் தேமல் நோய் பிடித்த பயற்றுச் செடி. அதைக் கூண்டிலிருந்து எடுத்து, தையற்காரரின் மனைவி வளர்க்கும் பாத்தியில் உலுக்கிக்கொண்டிருந்தார் மனிதர். வெள்ளை ஈக்கள் பொடிப்பொடியாகப் பறந்து பச்சைப் பயிரில் போய் உட்கார்ந்தன.

அந்த ஈதான் நோயைப் பரப்பும் என்பது தையற்காரருக்குக்கூடத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதானே!

மனைவியும் கண்ணாடிக்காரரும் இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் எதிரும் புதிருமாக இருப்பவர்கள். தேமல் நோயைத் தாங்கும் பயறு ரகத்தை ஆளுக்கொன்றாக உருவாக்கி வைத்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்த மாதம் தேர்வுக் குழு வருகிறது. ஒரே ஒரு ரகம்தான் விவசாயிகள் கைக்குப் போகும். மனைவிக்கு அதே மாதம் ஓய்வு. இந்த முறை தவறினால், ஆயுசெல்லாம் பாடுபட்டு உண்டாக்கிய விதை பாட்டிலோடு அலமாரியில் தூங்க வேண்டியதுதான்.

"பச்சைப்பசேல்னு நிக்குதே, பொறுக்கலையா? படிச்சவர் செய்யற காரியமா இது?"

"மெதுவாப் பேசுங்க சார். அவங்க காதுல விழப்போகுது."

"விழட்டும்! அதுக்குத்தானே கத்தறேன்!"

விழுந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து மனைவி ஓடிவந்தாள். கூண்டைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

தையற்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அழாதேம்மா. வா, மேலதிகாரிகிட்ட போவோம். நான் சாட்சி சொல்றேன்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"எப்படி இருக்கறது? நம்ம பயிருல நோயைக் கொண்டுவந்து கொட்டறார்!"

"ஏங்க, இந்த வருஷம் விடாத மழை. ஈயே வரலை. சீக்கு வரட்டும்னே ஓரத்துல நட்ட நோஞ்சான் ரகம்கூடப் பச்சையா நிக்குது பாருங்க. எல்லாமே பச்சைன்னா, என் பயிர் நோயைத் தாங்கிச்சுன்னு யார் நம்புவா? குழு கையை விரிச்சிட்டுப் போயிடும்."

பயிர் செழிக்கச் செழிக்க இவள் முகம் வாடிப்போனதன் காரணம் தையற்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. ஓய்வு பெறும் கவலை என்றல்லவா நினைத்திருந்தார்! பரீட்சையே வைக்காமல் பாஸ் போட யாரால் முடியும்?

"அப்போ இவரு..."

"நோய் பிடிச்ச ஈயைக் கூண்டுல வளர்த்து வச்சிருந்தது இவர் ஒருத்தர்தான். கேட்க எனக்கு வாய் வரலை."

"நானாக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டீங்க மேடம்," என்றார் கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தபடி. "அதான் சொல்லாம..."

தையற்காரர் அசடு வழிந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவிப் பையில் திணித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். அடுத்த கூண்டைக் கொண்டுவாங்க. உங்க பாத்தியில உலுக்க நானும் கூடமாட நிக்கறேன்."

கண்ணாடிக்காரர் கூண்டின் கதவைச் சாத்தினார்.

"இருந்தது இந்த ஒரு கூண்டுதான் சார். எனக்கென்ன, அடுத்த வருஷம் இருக்கு."