படகோட்டியின் அட்டை

டுலூத் நகரில் ஞாயிறு மதியங்களில் நண்பர்கள் என் சாப்பாட்டு மேசையில் கூடிப் பகடை உருட்டிச் சாகசக் கதை விளையாட்டு ஆடுவார்கள்; ஆளுக்கொரு பாத்திரம். கதையை நடத்துபவள் நான். கதையின் வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்திருப்பேன்: பெயர், குணம், பேசவேண்டிய பேச்சு. அன்று கதையில் வெர்னன் ஆடும் வீரன் ஆற்றங்கரைக்கு வந்ததும் படகோட்டியின் அட்டையை உருவினேன். என் கையெழுத்துதான், எழுதிய நினைவில்லை. இருந்ததை அப்படியே வாசித்தேன்.

“பூனைக்குச் சாப்பாடு வெச்சியாடா, குரங்கே?”

மற்றவர்கள் சிரித்தார்கள். வெர்னன் பகடையைக் கீழே வைத்தான்.

“லோர்னா, இத உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஏன்டா?”

“எங்கண்ணன் உறைஞ்ச ஏரிக்கு மீன் பிடிக்கப் போனப்ப வாசல்ல நின்னு கேட்டது. கோவத்துல நான் பதிலே சொல்லல.”

அண்ணன் திரும்பாமல் ஒன்பது வருடமாகிறது.

“வேற அட்டை எடுக்கட்டுமா?”

“வேணாம். என்னதான் சொல்றான்னு பாப்போம்.” அவன் அட்டையைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: “வெச்சிட்டேண்ணே.”

நான் அடுத்த வரியை வாசித்தேன்.

“சரிடா. அப்ப நான் வரேன்.”

அந்த வரியில் வைத்திருந்த என் விரலில் இன்னும் காயாத மை ஒட்டியது.