தகடு குத்திய காது

“அவளுக்குப் பணம் குடுக்காதீங்க சார். கன்னுக்குட்டியோட காதை அறுத்துட்டா,” என்றார் சேனாதிபதி.

அவர் அடுக்கம் என்ற மலைக்கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவர். கிராம சேவக் சுப்புராஜ் பெரியகுளத்திலிருந்து மலையேறி நடந்தே வந்து, கன்று வளர்ப்புத் திட்டத்தின் தீனிப் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மலையாட்கள் என்றாலே அவருக்கு ஓர் இளப்பம். தலைவர் மேல் மட்டும் தனி மரியாதை. பாவம், மனுஷன் கார்த்திகை மாசம்தான் தன் கன்றைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்திருந்தார்.

சர்க்கார் காளைக்குப் பிறந்த கிடேரியை அது கன்று போடும் வரை வளர்த்தால் மாசாமாசம் தீனிப் பணம். நடுவிலே விலகினால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். கன்று செத்துப்போனால் கட்ட வேண்டாம். நம்பர் தகடு குத்திய காதை அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும். மதராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எவரோ யோசித்த விதி. உயிரோடு இருக்கும் கன்றுக்கும் காது உண்டு என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை.

தலைவர் சொன்ன அந்த நாச்சியம்மாள் வரிசையில் கடைசியாக நின்றாள். காட்டில் தேனும் கிழங்கும் எடுத்துப் பிழைத்தவள், இப்போது தலைவரின் காப்பித் தோட்டத்தில் கூலி. அவளுக்கென்று சொத்து அந்த ஒரு கிடேரிதான்.

“காதில்லாத கன்னு இவ கொட்டில்ல நிக்குதாம். ஊரே சொல்லுது,” என்றார் தலைவர். “நாளைக்கு எலையில வச்சுக் காதைக் கொண்டாருவா பாருங்க. சிறுத்தை அடிச்சிருச்சும்பா, வாங்கின பணத்தைக் கட்டாம கன்னை வித்துருவா. மூக்கைச் சிந்துவா. நீங்களும் நம்பிருவீங்க.”

“அது எங் கன்னு இல்லீங்க,” என்றாள் அவள்.

“ஓகோ. காட்டுல கன்னு காய்ச்சுத் தொங்குது, இவ பறிச்சுட்டு வந்துட்டா.”

கூட்டம் சிரித்தது. சுப்புராஜும் சிரித்தார்.

“சோலைக்குள்ள கெடந்துச்சுங்க. காதுப் புண்ணுல புழு வச்சு, எந்திரிக்க மாட்டாம. வேப்பெண்ணெய் போட்டுத் தேத்துனேன். எங் கன்னு மேயப் போயிருக்குங்க.”

“யார் கன்னுன்னு விசாரிக்கிறதுதானே?” என்றார் சுப்புராஜ்.

நாச்சியம்மாள் ஒரு தரம் தலைவரைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

தலைவருக்குத் திடீரென்று அவசரம் வந்துவிட்டது. “பொய் சொல்றவகிட்ட என்ன பேச்சு? வெரசா முடிங்க சார். இருட்டுறதுக்குள்ள நீங்க மலை எறங்க வேண்டாமா?”

இறங்கத்தான் வேண்டும். சுப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுவரைக்கும் வாங்கினதைத் திருப்பிக் கட்டிடும்மா. முடியாட்டிக் கன்னைப் பறிமுதல் பண்ணிருவோம்.”

“கட்ட எங்ககிட்ட என்ன இருக்குங்க? அதை மட்டும் கொண்டுபோயிராதீங்க சாமி.”

அவள் புருஷன் ராக்கன் கூட்டத்திலிருந்து எழுந்து போனான்.

திரும்பி வந்தபோது அவன் கையில் இரண்டு கயிறுகள் இருந்தன. ஒன்றில் கொழுகொழுவென்று ஒரு கிடேரி. இரண்டு காதும் முழுசாக இருந்தன, ஒன்றில் தகடு. சுப்புராஜ் குனிந்து நம்பரைப் பார்த்தார். நாச்சியம்மாளின் கன்றேதான்.

அடுத்த கயிற்றில் ஒற்றைக் காதோடு ஒரு செவலைக் கன்று.

“அப்ப இது யாருது?”

பக்கத்திலேயே தலைவர் வீடு. அங்கே தொழுவத்தில் கட்டியிருந்த செவலைப் பசு கழுத்தை நீட்டிக் கத்தியது.

செவலைக் கன்று பதிலுக்குக் கத்திக்கொண்டு கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. வழியில் நின்ற தலைவரைக் கண்டதும் வெலவெலத்து நின்றது. பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு ஓடி, தொழுவத்துக்குள் நுழைந்து பசுவின் மடியை முட்டியது.

சுப்புராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கார்த்திகையில் இலையோடு ஒரு காதை வாங்கிப் பார்த்துவிட்டு, “மனசைத் தேத்திக்கங்க தலைவரே” என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்த கை அது. கூசியது.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாச்சியம்மாள் தன் கன்றின் கயிற்றை வாங்கிக்கொண்டாள். போகிற போக்கில் அவர் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் சொன்னாள்:

“புண்ணு இன்னும் முழுசா ஆறலீங்க ஐயா, வேப்பெண்ணெய் போடணும். வேற ஆளை வச்சுப் போடுங்க. உங்க கையைக் கண்டா அது மெரளும்.”